இரண்டாவது ஈசிஜி எதற்கு என்று யாரும் சொல்லவில்லை

கடந்த மாதம் ஒரு நள்ளிரவில், நடு நெஞ்சில் தொடங்கித் தாடை வரை ஏறிய வலியை வாயுப் பிடிப்பு என்று எண்ணிப் பெருங்காயம் கரைத்த மோரைக் குடித்து முக்கால் மணி நேரத்தை வீணாக்கிவிட்டேன். சட்டை வியர்வையில் நனைந்திருந்ததைப் பார்த்த பிறகுதான் மனைவி 108-ஐ அழைத்தார். எங்கள் மாவட்டத்து அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி 1.40.

முதல் அரை மணி நேரத்தைப் பற்றிக் குறை சொல்ல எதுவுமில்லை. வாசலிலேயே ஒரு செவிலியர் வலி தொடங்கிய நேரத்தைக் கேட்டு, நாடித் துடிப்பும் இரத்த அழுத்தமும் பார்த்து, என்னைச் சிவப்புப் பிரிவுக்கு அனுப்பினார். (வந்த வரிசையைப் பார்க்காமல், நோயின் தீவிரத்தைப் பொறுத்துச் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பிரிக்கிறார்கள், எனக்கு முன்பே வந்து, விரலில் கட்டுடன் காத்திருந்த இளைஞர் என்னை முறைத்ததற்கு அதுதான் காரணம்.) நெஞ்சு வலியுடன் வருபவருக்கு 10 நிமிடங்களுக்குள் ஈசிஜி எடுத்துவிட வேண்டும் என்பார்கள், எனக்குச் சுவர்க் கடிகாரக் கணக்கில் 7 நிமிடங்களில் எடுத்தார்கள். வியர்த்த மார்பில் நிற்காமல் நழுவிய ரப்பர் குமிழ்களை, துடைத்துத் துடைத்து, ஜெல் தடவி மறுபடியும் பொருத்திய பெண் ஒரு முறைகூட முகம் சுளிக்கவில்லை. "விழுங்கிடாதீங்க ஐயா, மென்னு சாப்பிடுங்க" என்று ஆஸ்பிரினைக் கையில் கொடுத்தார்.

என் குறை அதற்குப் பிறகு தொடங்குகிறது. "ஈசிஜி நார்மல்" என்று இருவர் தமக்குள் பேசிக்கொண்டது காதில் விழுந்தது. அப்படியென்றால் ஏன் மறுபடியும் ஈசிஜி, 3 மணி நேரம் கழித்து ஏன் மறுபடியும் இரத்தம் என்று எனக்கும் சொல்லவில்லை, வெளியே உட்கார இடமின்றித் தூணில் சாய்ந்து நின்ற மனைவிக்கும் சொல்லவில்லை. இரண்டாம் முறை இரத்தக் குப்பியுடன் ஊழியர் ஓடியதைக் கண்டதும், நிலைமை கைமீறிவிட்டது என்று அவரே முடிவுகட்டி, வெளியூரில் வேலை பார்க்கும் மகனை உடனே கிளம்பி வரச் சொல்லிவிட்டார்.

காலை 6 மணிக்குப் பயிற்சி மருத்துவர் ஒருவர் வந்து, மாரடைப்பில் இதயத் தசை பாதிக்கப்படும்போது இரத்தத்தில் கலக்கும் ட்ரோபோனின் என்ற புரதம் கூடுவதற்குச் சில மணி நேரம் ஆகும் என்றும், முதல் ஈசிஜி இயல்பாக இருப்பதை வைத்து மட்டும் மாரடைப்பு இல்லை என்று சொல்லிவிட முடியாது என்றும் விளக்கினார். அதற்கு அவருக்கு இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. இரண்டாவது பரிசோதனையில் அந்த அளவு கூடியிருந்ததால் இதயத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றினார்கள்.

மருந்துக்கோ பரிசோதனைக்கோ ஒரு ரூபாய்கூடக் கேட்கவில்லை. ஸ்ட்ரெச்சர் தள்ளியவர் மட்டும் லிஃப்ட் வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு 100 ரூபாய் கேட்டார். கொடுத்தோம், கொடுத்திருக்கக் கூடாது.

நாளை மறுபடியும் நெஞ்சு வலித்தால் இதே இடத்துக்குத்தான் போவேன். உடன் வருபவர் ஒரு மடக்கு நாற்காலி எடுத்துவருவது நல்லது.