எங்கள் மலை பி.எச்.சி: மாத்திரை பிரமாதம், லேப் நேரம் கொடுமை

ஊரோடு திரும்பி வரப்போகும் நண்பன் கேட்டான்: "அப்பாவுக்கு சுகர்டா. மேலே இருக்கிற பி.எச்.சி.யை நம்பலாமா?" அம்மாவுக்குப் பல வருடமாக அந்த ஆரம்ப சுகாதார நிலையத்தில்தான் வைத்தியம், அதனால் விரிவாகவே சொல்கிறேன்.

மருந்தில் குறை சொல்ல முடியாது. சுகர், பிரஷர் மாத்திரை இல்லை என்று திருப்பி அனுப்பியதாக நினைவே இல்லை. 1994இல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தின் ஏற்பாடு அப்படி. நிலையத்துக்கு ஒரு பாஸ்புக். அதிலுள்ள தொகைக்கு மாவட்டக் கிடங்கிலிருந்து வேண்டிய மருந்தை எடுத்துக்கொள்ளலாம். 2021இல் மக்களைத் தேடி மருத்துவம் வந்த பிறகு மாத்திரை வீட்டுக்கே வருகிறது. கொண்டுவரும் பெண் "ராத்திரி மாத்திரை போட்டீங்களா பெரியம்மா?" என்று கேட்பதோடு, அட்டையை வாங்கி எண்ணியும் பார்ப்பார். அம்மாவுக்கு டாக்டரைவிட அவரிடம்தான் பயம்.

சரி, இப்போது அந்த லேப். வெறும் வயிற்றில் ஒரு முறை ரத்தம், சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து இன்னொரு முறை. எங்கள் ஊர் முதல் பஸ் அங்கே போய்ச் சேரவே ஒன்பதரை ஆகிவிடும். டோக்கன் வாங்கி, ரத்தம் கொடுத்து, இட்லி சாப்பிட்டுக் காத்திருந்தால் திரும்பும் பஸ் போய்விடும். அடுத்தது சாயங்காலம்தான். அதனால் இரண்டாவது ரத்தம் கொடுக்காமலே அம்மா பஸ் ஏறிவிடுகிறார். மாத்திரை அளவைக் கூட்டணுமா குறைக்கணுமா என்று டாக்டர் எதைப் பார்த்துச் சொல்வார்? பஸ்ஸில் வருகிறவர்களுக்கு முதலில் எடுங்களேன் என்றால், "வரிசைப்படிதான்" என்கிறார்கள். லேப்புக்கு ஒரே ஆள், அவரையும் திட்ட மனம் வரவில்லை.

சமவெளியில் 30,000 பேருக்கு ஒரு நிலையம், மலையில் 20,000 பேருக்கு ஒன்று என்பது அரசாங்கக் கணக்கு. அதில் பஸ் நேரத்துக்கு இடமில்லை. அரசு மருத்துவமனைகளின் தூய்மையைப் பார்க்கும் காயகல்ப் மதிப்பீட்டில் சுத்தம், குப்பை, தொற்றுத் தடுப்புக்கெல்லாம் மார்க் உண்டு. நல்லதுதான், எங்கள் நிலையமும் பளிச்சென்று இருக்கிறது. ஆனால் பாதி டெஸ்டோடு பஸ்ஸுக்கு ஓடிய கிழவியும் ஓ.பி. கணக்கில் 'வந்து பார்த்துக்கொண்டவர்'தான்.

நம்பலாமா என்றால், நம்பலாம். ஆனால் நேற்றும் அம்மா அப்படித்தான் திரும்பி வந்தார். இன்றைய கோபத்துக்கு ஐந்துக்கு இரண்டு மார்க். உன்னிடம் பைக் இருந்தால் நான்கு என்று வைத்துக்கொள்.