ஆன்சிபிளில் லூப்புக்குள் லூப்: சப்எலிமெண்ட்ஸா, இன்க்லூட்_டாஸ்க்ஸா?
குன்னூரிலுள்ள ஒரு சர்வரில் சில தேயிலைத் தொழிற்சாலைகளுக்கான பயனர் கணக்குகளை, சர்வர் அமைப்பு வேலைகளைத் தானியக்கமாகச் செய்யும் ஆன்சிபிள் கருவி கொண்டு பராமரித்து வருகிறேன். அதில் ஒவ்வொரு வேலையும் ஒரு டாஸ்க்; ஒரு பட்டியலின் ஒவ்வொரு உருப்படிக்கும் டாஸ்க்கைத் திரும்பச் செய்வது லூப். ஒவ்வொரு தொழிற்சாலைக்கும் கோத்தகிரி, மஞ்சூர் பக்கங்களில் பச்சைத் தேயிலைக் கொள்முதல் மையங்கள் உண்டு. எடை விவரம் அனுப்புவதற்காக ஒவ்வொரு மையத்துக்கும் ஒரு பயனர் கணக்கும், கடவுச்சொல் இன்றி உள்நுழைய உதவும் ஒரு பப்ளிக் கீயும் வேண்டும். மையங்களின் பட்டியல் தொழிற்சாலையைச் சார்ந்தே அமைவதால், இரு பட்டியல்களை முழுவதுமாகப் பெருக்கித் தரும் பிராடக்ட் ஃபில்டர் (தரவை மாற்றித் தரும் செயல்கூறு) இதற்கு ஆகாது. ஒருவரது மையத்தை மற்றவர் தலையில் கட்டிவிடும்.

மிஞ்சுவன இரண்டு வழிகள். 2.7 பதிப்பில் ஃபில்டராக வந்த சப்எலிமெண்ட்ஸ், தொழிற்சாலையையும் அதன் மையத்தையும் ஒரு ஜோடியாக்கி ஒரே டாஸ்க்கில் தருகிறது. இன்க்லூட்_டாஸ்க்ஸ் வழியில், வெளி லூப் ஒவ்வொரு தொழிற்சாலைக்கும் ஒரு தனிக் கோப்பை அழைக்க, அக்கோப்பிலுள்ள லூப் மையங்களைச் சுற்றிவரும். பின்னதில் இரு லூப்புகளும் இயல்பாக ஒரே மாறிப் பெயரைப் பயன்படுத்துவதால், லூப்_வார் மூலம் வெளி மாறிக்கு வேறு பெயர் இட வேண்டும். குறிப்பிட்ட டாஸ்க்குகளை மட்டும் ஓட்ட உதவும் டேக்கை அழைப்பில் இட்டால் அது உள் டாஸ்க்குகளுக்குத் தானாக இறங்காது. இவை பழகிவிடும்.

நான் சப்எலிமெண்ட்ஸ் பக்கம் சாய்ந்ததற்குக் காரணம், தவறு நேரும்போது இரண்டும் நடந்துகொள்ளும் விதம். ஒரு மையம் அனுப்பிய கீ முன்பகுதி அறுந்து வந்திருக்கிறது என்று கொள்வோம். சப்எலிமெண்ட்ஸில் அந்த ஒரு ஜோடி மட்டும் தோற்கும். லூப் நிற்காமல் மற்ற எல்லாத் தொழிற்சாலைகளின் கீகளையும் பதித்து முடித்த பிறகே டாஸ்க் தோல்வியென அறிவிக்கப்படும். இன்க்லூட்_டாஸ்க்ஸிலோ, அந்தத் தொழிற்சாலையின் மற்ற மையங்கள் முடிந்தாலும், டாஸ்க் தோற்றதால் அந்த சர்வருக்கான ஓட்டம் அங்கேயே நின்று, பட்டியலில் அதற்குப் பின்னுள்ள தொழிற்சாலைகள் எதுவும் தொடப்படாமல் போகும். உள் கோப்பில் பிளாக், ரெஸ்க்யூ (தோல்வியைப் பிடித்துச் சமாளிக்கும் பகுதிகள்) எழுதி இதைத் தவிர்க்கலாம்; ஆனால் அது பராமரிக்க வேண்டிய இன்னொரு பொருள். இலை வரத்து மிகுந்த நாள்களில் ஒருவரது கீக்காக மற்றவர்களைக் காக்க வைக்க முடியாது.

சப்எலிமெண்ட்ஸிலும் குறை உண்டு. மையப் பட்டியலே எழுதப்படாத தொழிற்சாலை வந்தால் ஸ்கிப்_மிஸ்ஸிங் கொடுக்காவிட்டால் பிழை எழும். கொடுத்தால் அது சத்தமின்றி விடுபடும். ஆகவே தொழிற்சாலைக்கான அடைவுகளைத் தனி லூப்பில்தான் உருவாக்குகிறேன். பட்டியலிலிருந்து நீக்கிய மையத்தின் கணக்கை இரண்டு வழியுமே தாமாக அழிப்பதில்லை என்பதைப் புதிதாக வருபவர்கள் பலர் எதிர்பார்ப்பதில்லை.

மையத்துக்குள் எடைக் கருவிகள் என்று மூன்றாம் அடுக்கு வந்தாலோ, ஒவ்வொரு தொழிற்சாலைக்கும் பல டாஸ்க்குகள் வரிசை மாறாமல் நடக்க வேண்டியிருந்தாலோ இன்க்லூட்_டாஸ்க்ஸையே எடுப்பேன். அத்தகைய தரவை நான் அதிகம் கையாண்டதில்லை என்பதால், அங்கு எது வேகம் என்று அடித்துச் சொல்ல மாட்டேன்.