மாங்கூழ் ருசி பார்க்கிற வாய்க்கு சர்க்கரையில்லா சூயிங்கம்

சர்க்கரையில்லா சூயிங்கம் பல்லைக் காப்பாற்றுமா என்று கேட்டால், சில வருஷம் மென்ற பிறகு நான் சொல்வது இதுதான்: காப்பாற்றுவது உங்கள் எச்சில். சூயிங்கம் அந்த எச்சிலை ஊறவைக்கிற கூலியாள்.

எனக்கு வேலை கிருஷ்ணகிரி பக்கம் ஒரு மாங்கூழ் ஆலையில், லேபில். மே மாதம் அல்போன்சா மாம்பழ வரத்து ஆரம்பித்தால், பெங்களூரா ரகம் முடியும் வரை ஓய்வே கிடையாது. கூழின் சர்க்கரை அளவை பிரிக்ஸ் மீட்டர் எண்ணாகக் காட்டும், ருசியை நாக்குதான் சொல்ல வேண்டும். அதனால் பேட்ச்சுக்கு ஒரு ஸ்பூன். பெங்களூரா கூழின் பிரிக்ஸ் 14, 15 இருக்கும், பிஹெச் (எண் குறையக் குறைய புளிப்பு அதிகம்) 4-ஐ ஒட்டி நிற்கும். அதாவது ஷிப்ட் முழுக்க வாயில் இனிப்பும் புளிப்பும் சேர்ந்தே இருக்கும். பல் சொத்தையாக இதைவிட நல்ல ஏற்பாடு வேண்டியதில்லை. கடைவாய்ப் பல் இரண்டை அடைத்துவிட்ட டாக்டரம்மாதான் சொன்னார்: “வேலையை விடச் சொல்லலைங்க. ருசி பார்த்ததும் வாயைக் கொப்புளிங்க, அப்புறம் சக்கரை இல்லாத கம் ஒண்ணை இருபது நிமிஷம் மெல்லுங்க. உடனே பிரஷ் மட்டும் பண்ணாதீங்க.” புளிப்புப் பட்டால் பல்லின் மேல்பூச்சான எனாமல் சற்று நேரம் இளகி இருக்குமாம். அப்போது தேய்த்தால் அதுவும் சேர்ந்து தேய்ந்துவிடும்.

வாய்க்குள் நடப்பது சிக்கலான கதை இல்லை. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ் என்ற பாக்டீரியா பல்மேல் படிகிற பிசுபிசுப்பில் குடியிருக்கிறது. சர்க்கரை கிடைத்தால் லாக்டிக் அமிலத்தைக் கக்கும். பல்லை ஒட்டிய பிஹெச் சுமார் 5.5-க்குக் கீழே போனால் எனாமலிலிருந்து கால்சியமும் பாஸ்பேட்டும் கரைய ஆரம்பிக்கும். எதையும் மெல்லாமல் விட்டால் பழைய நிலைக்கு வர அரை மணி, ஒரு மணி நேரம்கூட ஆகும். மென்றால், முதல் சில நிமிஷங்களில் எச்சில் சும்மா இருக்கும்போது சுரப்பதைப் போலப் பல மடங்கு ஊறும். அதில் இருக்கிற பைகார்பனேட் அமிலத்தை அடக்கும், கால்சியமும் பாஸ்பேட்டும் பல்லுக்குத் திரும்பும்.

‘கிருமியை அழிக்கும்’ என்று கடைக்காரர் சொன்னால் பாதிதான் நம்புங்கள். நெதர்லாந்தின் குரோனிங்கன் பல்கலைக்கழக ஆய்வு ஒன்று 2015-ல் வெளிவந்தது. பத்து நிமிஷம் வரை மென்ற ஒரு துண்டில் சுமார் பத்து கோடி பாக்டீரியா சிக்கியிருந்ததாம். கேட்க பிரமாதம்தான். ஆனால் ஒரு மில்லி எச்சிலிலேயே ஏறத்தாழ அவ்வளவு இருக்கும்.

பாக்டீரியாவோடு நேரடியாக மல்லுக்கு நிற்பது, சர்க்கரைக்குப் பதிலாக கம்மில் சேர்க்கிற இனிப்புகளில் ஒன்றான சைலிடால். மியூட்டன்ஸ் அதைச் சர்க்கரை என்று நினைத்து உள்ளே இழுக்கும், செரிக்க முடியாது, வெளியே தள்ளுவதற்குச் சக்தியைச் செலவழிக்கும். 1970-களில் பின்லாந்தின் துர்க்கு நகரில் நடந்த ஆய்வுகளிலிருந்துதான் இதற்கு நல்ல பெயர் வந்தது. இன்னொரு மாற்று இனிப்பான சார்பிடாலையோ பாக்டீரியா மெதுவாகவாவது தின்னும்.

இங்கேதான் வாங்குகிறவர்கள் ஏமாறுகிறோம். அட்டையில் ‘சுகர் ஃப்ரீ’ என்று பெரிதாக இருக்கும். திருப்பிப் பாருங்கள், சேர்மானப் பட்டியலில் உள்ள குறியீட்டு எண்கள் உண்மையைச் சொல்லும்: 420 சார்பிடால், 421 மானிடால், 965 மால்டிடால், 967 சைலிடால், 951 ஆஸ்பர்டேம். எது முதலில் வருகிறதோ அதுதான் அதிகம். எங்கள் ஊர் மெடிக்கல் ஷாப்பில் நான் புரட்டிய டப்பாக்களில் 967 பெரும்பாலும் வால்பக்கம்தான் இருந்தது. பயன் தெரிவதாகச் சொல்லப்படும் அளவு நாளைக்கு ஐந்து, ஆறு கிராம் சைலிடால். இந்த டப்பாக்களில் இரண்டு துண்டு மென்று அதை எட்ட முடியாது. ஆகவே சைலிடால் முதலில் உள்ளதை ஆன்லைனில் வாங்குகிறேன், சீசனில் மட்டும். மற்ற மாதங்களில் மெடிக்கல் ஷாப் சரக்கே போதும். எச்சில் ஊறினால் சரி.

பலன்? புதுச் சொத்தை வரவில்லை. ஆனால் அதே சமயத்தில் ராத்திரி ஃப்ளோரைடு பேஸ்ட்டால் தேய்ப்பதையும் கொப்புளிப்பதையும் ஒழுங்குபடுத்திவிட்டேன். கம்முக்கு எவ்வளவு பங்கு என்று பிரித்துச் சொல்வது நேர்மையாகாது. சந்தேகமில்லாமல் சொல்லக்கூடியது: ஷிப்ட் முடிவில் பல்மேல் இருந்த அந்த வழவழப்பும், பல் கூச்சமும் குறைந்தன.

லைனில் பழம் பிரிக்கிற அக்கா ஒருவர், “தம்பி, இதை மென்னா என் பல்லு கறை போகுமா?” என்று கேட்டார். போகாது. அவர் பிறந்து வளர்ந்தது பென்னாகரம் பக்கம். தர்மபுரி, கிருஷ்ணகிரி நிலத்தடி நீரில் பல இடங்களில் ஃப்ளோரைடு லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் என்ற வரம்பைத் தாண்டும். பல் உருவாகிற சிறு வயதில் அந்தத் தண்ணீரைக் குடித்தவர்களுக்குக் கறை எனாமலோடு சேர்ந்தே வளர்கிறது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-ல் வந்ததே இதற்காகத்தான். பேஸ்ட்டில் அளவோடு இருந்து பல்லைக் காக்கிற அதே ஃப்ளோரைடுதான் கிணற்றில் அளவு மீறிக் கெடுக்கிறது. இதை அவருக்கு விளக்கப் போய் டீ பிரேக் முழுசும் போனது. கறைக்கு டாக்டரைப் பாருங்கள் என்பதோடு நிறுத்தியிருக்கலாம்.

தொந்தரவுகளும் உண்டு. ஒரு நாளில் அதிகமாக மென்றால் வயிறு உப்பும், அதற்கு மேலும் போகும். பேதியாகலாம் என்று அட்டையிலேயே எச்சரிக்கை போட்டிருக்கும். அரை மணிக்கு மேல் மென்றால் எனக்குக் காதுக்கு முன்னால் தாடை வலிக்கும். தாடைப் பூட்டில் ஏற்கெனவே சிக்கல் உள்ளவர்கள் கொப்புளிப்பதோடு விட்டுவிடுங்கள். பீனைல்கீட்டோனூரியா என்ற பிறவிக் கோளாறு உள்ளவர்கள் 951-ஐ, அதாவது ஆஸ்பர்டேமைத் தொடக்கூடாது. விழுங்கிவிடுகிற வயதுக் குழந்தைகளுக்கும் வேண்டாம்.

டப்பாவை மேஜைமேல் வைக்காமல் உயரத்தில் வையுங்கள், முக்கியமாக வீட்டில் நாய் இருந்தால். அளவாக மென்றால் நமக்குப் பெரிதாக ஒன்றும் செய்யாத சைலிடால் நாயின் ரத்தச் சர்க்கரையைத் தடாலென்று இறக்கிவிடும், கல்லீரலையும் கெடுக்கும். சில துண்டுகளே உயிருக்கு ஆபத்து. தின்றுவிட்டது தெரிந்தால் வாந்தி வருகிறதா என்று காத்திருக்காமல் நேரே கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போங்கள்.