வில்செடே, வட்டக் கிராமங்கள், ரீசும்: வடக்கு ஜெர்மனியில் எந்தக் கிராமத்துக்குப் போகலாம்?

ஹாம்பர்க்கில் எங்கள் வீட்டுக்கு ஊரிலிருந்து யார் வந்தாலும் மூன்றாம் நாள் ஒரு கேள்வி வந்துவிடும். "நகரம் பார்த்தாயிற்று, துறைமுகம் பார்த்தாயிற்று. இந்த நாட்டில் கிராமம் எப்படி இருக்கும்?" அந்தக் கேள்விக்கு இதுவரை மூன்று பதில்களைக் கையில் வைத்திருக்கிறேன். தெற்கே லூனெபுர்க் ஹைடே புதர்வெளியின் நடுவில் இருக்கும் வில்செடே. தென்கிழக்கே, எல்பே ஆற்றுக்குத் தெற்கே, வெண்ட்லாண்ட் பகுதியின் வட்டக் கிராமங்கள். மேற்கே, நெதர்லாந்து எல்லையை ஒட்டிய கிழக்கு ஃப்ரீஸ்லாந்தில் ரீசும். மூன்றும் நீடர்சாக்சன் என்ற ஒரே மாநிலத்துக்குள் அடங்குபவை. மூன்றுமே அமைதியானவை. ஆனால் ஓர் ஊரின் அமைதி இன்னோர் ஊரில் கிடைக்காது.

படத்தைப் பார்த்து ஊரைத் தேர்ந்தெடுப்பதில் எனக்கு நம்பிக்கை போய்விட்டது. நான் பார்ப்பது மாலையை. பகலில் வந்தவர்கள் கார் ஏறிப் போன பிறகு அந்த ஊர் என்ன ஆகிறது, அங்கே யார் மிஞ்சுகிறார்கள், ஓர் அந்நியர் அந்த நேரத்தில் அங்கே எப்படி நடமாட முடிகிறது? இதை வைத்துத்தான் கீழே எழுதுகிறேன்.

முதலில் வில்செடே. ஹாம்பர்க்கில் யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள், அதில் நியாயமும் இருக்கிறது. பார்க்க வருபவர்களின் கார்களுக்கு அனுமதி இல்லாத ஊர். உண்டெலோ, டோலே, நீடர்ஹாவர்பெக் போன்ற சுற்றுப்புற ஊர்களில் வண்டியை நிறுத்திவிட்டு நடந்தோ, சைக்கிளிலோ, குதிரை வண்டியிலோ போக வேண்டும். உண்டெலோவிலிருந்து நிதானமாக நடந்தால் ஒன்றேகால் மணி நேரம். ஓக் மரங்களின் நிழலில் விரல்விட்டு எண்ணக்கூடிய பண்ணை வீடுகள், பழைய வீடு ஒன்றையே அருங்காட்சியகமாக வைத்திருக்கும் 'டாட் ஓலே ஹூஸ்', சற்றுத் தள்ளி 169 மீட்டர் உயர வில்செடே குன்று. மலை என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஏறுவதற்கு மூச்சு வாங்காது. ஆனால் சுற்றிலும் சமவெளி என்பதால் அந்த உயரத்துக்கே கண்ணுக்கு எட்டியவரை திறந்து கிடக்கும். கணித மேதை கௌஸ் 19-ஆம் நூற்றாண்டில் ஹனோவர் அரசை அளந்தபோது இந்தக் குன்றையும் தம் அளவைப் புள்ளிகளில் ஒன்றாக வைத்துக்கொண்டார்.

இந்த வெளியை இயற்கை என்று நினைத்துக்கொண்டு போகிறவர்களுக்கு நான் ஒன்று சொல்வதுண்டு. இது மனிதன் உண்டாக்கிய நிலம். காட்டை வெட்டி, ஆடு மேய்த்து, மேல்மண்ணைச் சீவித் தொழுவத்தில் பரப்பிப் பயன்படுத்தியதால் வளம் குன்றிய மணலில் ஹைடே செடி மட்டும் நிலைத்தது. ஆடு மேயாமல் விட்டால் சில ஆண்டுகளிலேயே பிர்ச்சும் பைனும் முளைத்து மறுபடி காடாகிவிடும். ஹைட்ஷ்னுக்கே என்ற சாம்பல் நிறக் கொம்பு ஆடுகளை இன்றும் மந்தை மந்தையாக ஓட்டுவது அதனால்தான். நூற்றாண்டுக்கு முன் இந்த நிலம் வீட்டுமனைகளாகப் பிரியவிருந்தபோது எகெஸ்டார்ஃப் ஊர்ப் பாதிரியார் வில்ஹெல்ம் போடே முன்னின்றதால் 1906-இல் டோட்டன்கிரண்ட் பள்ளத்தாக்கு வாங்கிக் காப்பாற்றப்பட்டது. நாம் இன்று நடக்கும் பாதை அவருடைய கவலையில் பிறந்தது.

பூக்கும் காலத்தை உள்ளூர்க்காரர்கள் எட்டாம் மாதம் எட்டாம் தேதி முதல் ஒன்பதாம் மாதம் ஒன்பதாம் தேதி வரை என்று நினைவில் வைத்திருக்கிறார்கள். நான் முதல் முறை ஜூனில் போய்ப் பழுப்பு நிறப் புதர்களைப் பார்த்துவிட்டுத் திரும்பினேன். பூக்கும் காலத்தில் போனால் ஊதா நிறம் அடிவானம் வரை விரிந்து கிடக்கும். கூடவே கூட்டமும் இருக்கும். குதிரை வண்டிகள் வரிசையாக வரும், தேநீர்க் கடைகளில் இடம் கிடைக்காது. ஜூலை நடுவிலிருந்து அக்டோபர் நடுவரை ஓடும் இலவச ஹைடே பஸ்ஸில் சைக்கிளையும் ஏற்றிக்கொள்வார்கள் என்பது கார் இல்லாதவர்களுக்குப் பெரிய உதவி.

மாலை ஐந்தரைக்கு மேல் எல்லாம் மாறிவிடுகிறது. வண்டிகள் போய்விடும். தேனீக்களின் ரீங்காரம்கூட அடங்கிவிடும். அந்த நேரத்து வில்செடேயைப் போல் அமைதியை நான் வேறெங்கும் கேட்டதில்லை. ஆனால் அந்த நேரத்தில் அங்கே பேசுவதற்கு ஆள் கிடையாது. படுக்கைகளும் சொற்பம், மாதக்கணக்கில் முன்பே பதிவாகிவிடும். ஊரின் உடலைப் பாதுகாத்திருக்கிறார்கள். அடுப்பெரியும் வீடுகள் குறைவு. நடப்பதற்கு ஒரு நாள் என்றால் இதற்கு நிகர் இல்லை. கிராமம் பார்க்க வேண்டும் என்று கேட்டவரை இங்கே அழைத்துச் சென்றால் அவருடைய கேள்விக்குப் பாதிப் பதில்தான்.

வெண்ட்லாண்ட் இதற்கு நேர் எதிர். லூஹோ-டானன்பெர்க் மாவட்டம் பழைய மேற்கு ஜெர்மனியிலேயே மக்கள்தொகை மிகக் குறைந்தது; ஐம்பதாயிரம் பேருக்கும் குறைவு. பிரிவினைக் காலத்தில் மூன்று பக்கமும் கிழக்கு ஜெர்மனியின் எல்லை சூழ்ந்திருந்ததால் நெடுஞ்சாலையும் தொழிற்சாலையும் இந்தப் பக்கம் வரவில்லை. அந்தக் கைவிடப்பட்ட நிலைதான் ஏறத்தாழ நூறு வட்டக் கிராமங்களை நமக்கு மிச்சம் வைத்தது. 'ரூண்ட்லிங்' என்பது அவற்றின் பெயர். லூபெல்ன், சாத்தெமின், ஷ்ரேயான், புஸாவ் என்று ஒன்றிலிருந்து ஒன்றுக்கு சைக்கிளில் பத்துப் பதினைந்து நிமிடம்.

ஊருக்குள் போக ஒரே வழி. உள்ளே நுழைந்தால் நடுவில் புல் திடல், நாலைந்து ஓக் அல்லது லிண்டன் மரங்கள். சுற்றிலும் பெரிய பண்ணை வீடுகள், எல்லாம் முகப்பைத் திடலை நோக்கித் திருப்பிக்கொண்டு. வீட்டுக்குப் பின்னால் தோட்டம் விசிறிபோல் விரிந்து வயலில் போய்ச் சேரும். மனிதரும் மாடும் வைக்கோலும் ஒரே கூரைக்குக் கீழே இருந்த வீடுகள் என்பதால் வைக்கோல் வண்டி நுழையும் அளவுக்கு வாசல். வாசல் மேல் உத்திரத்தில் வீடு கட்டிய தம்பதியின் பெயர், ஆண்டு, ஒரு பைபிள் வசனம். ஆளிச்செடி நாரில் நெய்யும் லினன் துணியில் பணம் புழங்கிய 18, 19-ஆம் நூற்றாண்டுகளில்தான் முகப்புகள் இவ்வளவு உயர்ந்தன. தேவாலயம் இருந்தால் வட்டத்துக்கு வெளியே. என் பெரியம்மா திடலின் நடுவில் நின்று சுற்றிப் பார்த்துவிட்டு, "நடுவில் கோயிலோ குளமோ இருக்கும் என்று பார்த்தால் வெறும் புல்லாக இருக்கிறதே, யாருக்காக இத்தனை வீடும் இதையே பார்த்துக்கொண்டிருக்கிறது?" என்று கேட்டார். அறிஞர்களுக்கே இன்னும் ஒத்த கருத்து இல்லாத கேள்வி அது. 12-ஆம் நூற்றாண்டு வாக்கில் ஸ்லாவியக் குடிகளைக் குடியமர்த்தியபோது திட்டமிட்டு அமைத்த ஊர்கள் என்பது வரை தெரியும்.

அந்தக் குடிகள்தான் வெண்டுகள். இட்ஸ் என்றும் ஓ என்றும் முடியும் ஊர்ப்பெயர்கள் அவர்களுடையவை. அவர்கள் பேசிய மொழி 18-ஆம் நூற்றாண்டில் அழிந்துபோனது. யொஹான் பாரும் ஷூல்ட்சே என்ற விவசாயி, தம் காலத்து இளையவர்கள் அந்த மொழியைப் பேசாமல் போவதைக் கண்டு, தமக்குத் தெரிந்த சொற்களைத் தம் ஊர்க் குறிப்பேட்டில் எழுதி வைத்தார். அப்படி இரண்டொருவர் எழுதி வைத்தவைதான் இன்று மிஞ்சியிருக்கின்றன. வட்டத்தின் நடுவில் நிற்கும்போதெல்லாம் எனக்கு அவர் நினைவு வரும். ஒரு விவசாயிக்கு அது தோன்றியிருக்கிறதே என்று.

பல வாசல்களில் மஞ்சள் நிற மரப் பெருக்கல் குறி ஒன்றைக் காணலாம். 1977-இல் பக்கத்துக் கோர்லெபனை அணுக்கழிவுக் கிடங்குக்குத் தேர்ந்தெடுத்தபோது தொடங்கிய போராட்டத்தின் அடையாளம். நாற்பது ஆண்டுகளுக்கு மேல் நடந்து, 2020-இல் கோர்லெபன் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. போராட வந்தவர்களில் பலர் இங்கேயே தங்கி, காலியாகக் கிடந்த வீடுகளில் குயவராகவும் தச்சராகவும் ஆனார்கள். இயேசு விண்ணேற்ற நாளிலிருந்து பெந்தெகொஸ்தே திங்கட்கிழமை வரையான பன்னிரண்டு நாட்கள் இந்த ஊர்கள் தங்கள் பட்டறைகளைத் திறந்து வைக்கின்றன. அமைதி தேடுபவர்கள் அந்த நாட்களைத் தவிர்க்கட்டும். மனிதர்களைத் தேடுபவர்கள் அப்போதுதான் போக வேண்டும்.

இங்கே உள்ள இடர் போக்குவரத்து. லூனெபுர்க்கிலிருந்து டானன்பெர்க்குக்கு ரயில் சில மணி நேரத்துக்கு ஒன்று. அதற்குமேல் பஸ். பள்ளி நாட்களில் மட்டும் ஓடும் பஸ்கள் அட்டவணையில் ஒரு சிறு எழுத்தால் குறிக்கப்பட்டிருக்கும். அதைக் கவனிக்காமல் விடுமுறை வாரத்தில் போய், எட்டு கிலோமீட்டர் பையோடு நடந்தோம். சைக்கிளை ரயிலில் ஏற்றிக்கொண்டு போவதே நல்லது.

மாலைச் சோதனையில் வட்டக் கிராமம் ஒரு விசித்திரமான பதில் தருகிறது. திடல் பொதுவானதுதான், ஆனால் அத்தனை சன்னல்களும் அதைப் பார்க்கின்றன. வெளியிலிருந்து வந்தவர் மாலை ஏழு மணிக்கு அங்கே நின்றால் அடுத்தவர் வீட்டு முற்றத்தில் நிற்பது போல்தான் இருக்கும். அதே வட்டத்தில் ஒரு வீட்டில் தங்கினால் அந்தக் கூச்சம் அடியோடு மாறிவிடுகிறது. அந்த ஓர் இரவுக்கு நாமும் ஒரு சன்னல். ஆகவே வெண்ட்லாண்டைப் பகலில் போய்ப் பார்த்துத் திரும்புவதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

ரீசும், ஹாம்பர்க்கிலிருந்து தூரம். ப்ரேமன் வழியாக எம்டனுக்கு ரயிலில் மூன்று மணி நேரத்தை ஒட்டி, பிறகு பஸ். இதுவும் வட்டமான ஊர்தான், ஆனால் காரணமே வேறு. கடலைத் தடுக்கும் கரைகள் கட்டப்படுவதற்கு முன் வெள்ளத்துக்கு மேலே வாழ மக்கள் மண் கொட்டி எழுப்பிய மேடு இது. வளையம் வளையமாகச் செங்கல் பாவிய சந்துகள், அவற்றின் குறுக்கே ஆரக்கால்கள்போல் ஏறும் பாதைகள், எல்லாம் உச்சியிலுள்ள தேவாலயத்தில் முடிகின்றன. வெண்டுகள் நடுவை வெறுமையாக விட்டார்கள். ஃப்ரீசியர்கள் நடுவில் தேவாலயத்தை வைத்தார்கள்.

அந்தத் தேவாலயத்தில் 15-ஆம் நூற்றாண்டு ஆர்கன் (குழல்களால் ஒலிக்கும் இசைக்கருவி) ஒன்று இருக்கிறது, இன்றும் வாசிக்கக்கூடிய நிலையில். ஐரோப்பாவின் மிகப் பழைய ஆர்கன்களில் ஒன்று. 1457-இல் ரீசும் மக்கள் அதற்கான விலையைக் கொடுக்கக் கொழுத்த மாடுகளை எம்ஸ் ஆற்றைக் கடந்து க்ரோனிங்கனுக்கு அனுப்ப அனுமதி கேட்ட செய்தி பழைய ஃப்ரீசிய வரலாற்றில் பதிவாகியிருக்கிறது. மாட்டை விற்று இசை வாங்கிய ஊர் என்று விருந்தாளிகளிடம் சொல்லும்போது எனக்குப் பெருமையாகவே இருக்கும், அது என் ஊர் இல்லை என்றாலும்.

பக்கத்தில் க்ரேட்ஸீல் இருக்கிறது: இறால் படகுகள், இரட்டைக் காற்றாலைகள், அழகான துறைமுகம். பகலில் நெரிசல் அதிகம். காலையில் போய்ப் படகுகளைப் பார்த்துவிட்டு மதியத்துக்குள் ரீசும் திரும்பிவிடலாம். அடிவானத்தில் காற்றாடி மின்கோபுரங்கள் வரிசையாக நிற்கும். படத்தில் அவற்றைத் தவிர்த்துக் காட்டுவார்கள், நேரில் தவிர்க்க முடியாது. காற்றும் ஓயாது. மே மாதத்திலும் கம்பளிச் சட்டை வேண்டும்.

நம்மவர்களுக்கு இந்த ஊர் பிடித்துப்போகும் காரணம் தேநீர். கிழக்கு ஃப்ரீசியர்கள் ஆளுக்கு ஆண்டுக்கு முந்நூறு லிட்டர் அளவுக்குத் தேநீர் குடிப்பவர்கள். பெரும்பாலும் அசாம் இலைதான். முதலில் கோப்பையில் பெரிய கற்கண்டு, மேலே கொதிக்கும் தேநீர்; கற்கண்டு விரிசல் விடும் ஒலி கேட்கும். பிறகு ஓரமாகக் கரண்டியால் ஒரு துளி பாலாடை. அது மேகம்போல் அடியிலிருந்து எழும்பும். கலக்கக் கூடாது: முதலில் பாலாடையின் மென்மை, அடுத்துத் தேநீரின் கசப்பு, கடைசியில் இனிப்பு. மூன்று கோப்பை குடிப்பது முறை. போதும் என்றால் கரண்டியைக் கோப்பைக்குள் வைத்துவிட வேண்டும். பெரியம்மா மூன்றாவதுக்கும் கரண்டியை வைக்கவில்லை.

சாப்பாட்டில் மூன்று ஊர்களும் ஏறத்தாழ ஒன்றுதான். ஊரில் ஓர் உணவகம், வாரத்தில் ஒன்றிரண்டு நாள் விடுமுறை. சைவம் சாப்பிடுபவர்களுக்கு வறுத்த உருளைக்கிழங்கு, முட்டை. ஜூன் 24 வரை வெள்ளைத் தண்ணீர்விட்டான் தண்டு. ஹைடேயில் மட்டும் பக்வீட் மாவுக் கேக் தனிச்சிறப்பு. ஞாயிற்றுக்கிழமை கடைகள் மூடியிருக்கும். சமையலறையோடு இருக்கும் விடுமுறை வீட்டை எடுத்து, சனிக்கிழமையே அரிசி பருப்பு வாங்கிக்கொண்டால் கவலை இல்லை.

ரீசுமின் மாலை எனக்கு நெருக்கமானது. ஜூனில் பத்து மணி வரை வெளிச்சம் இருக்கும். வளையச் சந்துகளில் நாயோடு நடப்பவர்கள், வேலியோரம் நின்று பேசுபவர்கள், எதிரில் வருபவர் யாராயினும் "மொய்ன்" என்று ஒரு சொல். திரும்ப நாமும் அதையே சொன்னால் போதும். சந்து வளையமாகப் போவதால் நடந்தால் அதே மனிதரை மறுபடி சந்திப்போம். இரண்டாம் முறை அவர் நின்று, எங்கிருந்து வந்தீர்கள் என்று கேட்கிறார். வில்செடேயில் கேட்க ஆள் இல்லை, வட்டக் கிராமத்தில் கேட்பதற்கு ஓர் இரவு உள்ளே இருந்திருக்க வேண்டும். இங்கே ஒரு சுற்று நடந்தால் போதும்.

ஆகவே முதல் முறை வருபவருக்கு, அதிலும் வயதானவர்கள் உடன் இருந்தால், தொலைவைப் பொருட்படுத்தாமல் ரீசுமில் இரண்டு இரவு என்பேன். ஒரே நாள்தான் இருக்கிறது என்றால் வாரநாளில் வில்செடே, காலை எட்டு மணிக்கு முன் நடக்கத் தொடங்க வேண்டும். உண்ணி தொற்றும் இடம் என்பதால் முழுக்கால் சட்டை அணிந்து, மாலையில் காலைச் சோதித்துப் பார்ப்பது அவசியம். சைக்கிள் ஓட்டத் தெரிந்த, மூன்று நாள் ஒதுக்கக்கூடியவருக்கு வெண்ட்லாண்ட்.

மே மாதம் தம்பி குடும்பம் வருகிறது. சிறுவர்கள் இருவரும் சைக்கிள் ஓட்டுவார்கள் என்பதால் இந்த முறை லூபெல்னில் வட்டத்துக்குள்ளேயே ஒரு வீட்டைப் பதிவு செய்திருக்கிறேன். பள்ளி நாள் பஸ் அட்டவணையும் அச்சடித்து வைத்தாயிற்று.