ஐமேக்கை வெளியிலிருந்து பூட் செய்ய எது: சாட்டா பெட்டியா, டி7-ஆ, எக்ஸ்5-ஆ?

கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் கல்யாணக் கார்டு டிசைன் செய்யும் என் அக்காவிடம் இருப்பது 2017 மாடல் 21.5 அங்குல ஐமேக். காலையில் ஆன் செய்துவிட்டு, வாசல் பெருக்கி, சாமி விளக்கேற்றி வந்தாலும் அது இன்னும் சுற்றிக்கொண்டே இருக்கும். உள்ளே இருப்பது நிமிடத்துக்கு 5400 சுற்று சுழலும் மெதுவான ஹார்ட் டிஸ்க். அதைக் கழற்றி மாற்றலாம்தான், ஆனால் திரையை ஒட்டியிருக்கும் பசையை அறுத்துத் திறக்க வேண்டும், கை தவறினால் திரையே போய்விடும். அதனால் வெளியே ஒரு எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாத சேமிப்பகம்) மாட்டி அதிலிருந்தே பூட் செய்வது, அதாவது கணினியைத் தொடங்குவது என்று முடிவெடுத்து, இரண்டு பேரும் கணினிக் கடைகள் நிறைந்த லோ யாட் பிளாசாவுக்குப் போனோம்.

கடைக்காரர்கள் முதலில் காட்டுவது அட்டைமேல் இருக்கும் வேகத்தைத்தான். டி7 நொடிக்கு 1050 எம்பி, எக்ஸ்5 2800 எம்பி, இரண்டுமே சாம்சங்கின் கையடக்க எஸ்எஸ்டிகள். சாட்டா என்ற பழைய இணைப்பு முறையில் வரும் 2.5 அங்குல எஸ்எஸ்டியை ஒரு யுஎஸ்பி பெட்டிக்குள் போட்டால் 500 சொச்சம். இதைப் பார்த்தால் எக்ஸ்5 சாட்டாவைவிட ஐந்து மடங்கு சீக்கிரம் பூட் ஆகும் என்றுதான் யாருக்கும் தோன்றும். அப்படி ஆகாது. பூட் ஆகும்போது கணினி படிப்பது ஒரு பெரிய ஃபைலை அல்ல, அங்கங்கே சிதறிக் கிடக்கும் ஆயிரக்கணக்கான குட்டி ஃபைல்களை. ஹார்ட் டிஸ்க்கில் ஒவ்வொன்றையும் தேடிப் பிடிக்கவே 10, 15 மில்லிசெகண்ட் போய்விடும், எஸ்எஸ்டிக்கு அதில் நூறில் ஒரு பங்கு போதும். பெரிய தாவல் அங்கேயே முடிந்துவிடுகிறது. அதற்கு மேல் சாட்டாவுக்கும் எக்ஸ்5-க்கும் பூட் நேரத்தில் சில நொடிகள்தான் வித்தியாசம்.

சரி, அப்படியானால் மலிவான சாட்டா பெட்டியே போதாதா? போதும், பெட்டி நல்லதாக இருந்தால். யுஎஸ்பியில் எஸ்எஸ்டியை வேகமாக ஓட்டும் யுஏஎஸ்பி முறைக்கு ஆதரவு உள்ளதா என்று கேட்டு வாங்குங்கள். பெயர் தெரியாத ஒரு பெட்டியை நான் முன்பு என் கணினியில் மாட்டியிருந்தேன், வேலைக்கு நடுவில் இணைப்பு தானாக அறுந்து, திறந்திருந்த ஃபைல்கள் எல்லாம் போயின. சாதாரண பென்டிரைவ் என்றால் திரும்பச் செருகிக்கொள்ளலாம், ஆனால் இயங்குதளமே அதில் ஓடும்போது கணினி அப்படியே உறைந்துவிடும். அந்த அனுபவத்துக்குப் பிறகு பூட் டிரைவுக்குக் கேபிளிலும் பெட்டியிலும் காசு மிச்சம் பிடிக்கக் கூடாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன்.

எக்ஸ்5 உண்மையிலேயே அருமையான சரக்கு. யுஎஸ்பியைவிட வேகமான தண்டர்போல்ட் 3 இணைப்பு வழியாகப் போவதால் டிரிம் (அழித்த ஃபைல்களின் இடம் காலி என்று எஸ்எஸ்டிக்குச் சொல்வது) வேலை செய்யும், யுஎஸ்பி வழியில் மேக் அதைச் செய்யாது. 4கே வீடியோ எடிட் செய்பவர் என்றால் யோசிக்காமல் வாங்கலாம். ஆனால் விலை எங்கேயோ போகிறது, அதோடு யுஎஸ்பி மட்டும் உள்ள கணினியில் அது வேலையே செய்யாது. அக்காவின் கார்டு டிசைனுக்கு அவ்வளவு காசைக் கொட்ட வேண்டியதில்லை.

முதலில் உங்கள் போர்ட்டைப் பாருங்கள். 2017, 2019 ஐமேக்கில் யுஎஸ்பி-சி துளை நொடிக்கு 10 ஜிகாபிட் போகும், டி7 முழு வேகத்தில் ஓடும். 2012 கடைசியிலிருந்து 2015 வரை வந்தவற்றில் 5 ஜிகாபிட்தான். அங்கே டி7-ஐ மாட்டினாலும் 400 சொச்சம்தான் வரும், ஆகவே சாட்டாவே போதும். 2011-க்கும் அதற்கு முந்தியதற்கும் யுஎஸ்பி 2 தான், அதில் இந்த முயற்சியே வேண்டாம். 2000 எம்பி என்று விற்கும் சான்டிஸ்க் எக்ஸ்ட்ரீம் புரோ எஸ்எஸ்டியும் 2017, 2019 ஐமேக்கில்கூடப் பாதி வேகத்தில்தான் ஓடும், அதற்கு வேண்டிய 20 ஜிகாபிட் யுஎஸ்பி இவற்றில் கிடையாது.

அக்காவின் ஐமேக் 2017 மாடல் என்பதால் டி7, 1 டிபி வாங்கினோம். மேக்குக்கான ஜியுஐடி பிரிவு முறையிலும் ஏபிஎஃப்எஸ் ஃபைல் முறையிலும் ஃபார்மட் செய்து, மேக் ஓஎஸ் ஏற்றி, ஸ்டார்ட்அப் டிஸ்க் அமைப்பில் அதைத் தேர்ந்தெடுத்தோம். சாம்சங் மென்பொருளில் பாஸ்வேர்டு மட்டும் போடாதீர்கள், போட்டால் அதிலிருந்து பூட் ஆகாது. டிரிம் இல்லாததால் ஐந்தில் ஒரு பங்கு இடத்தைக் காலியாகவே விட்டிருக்கிறோம். மழைக்காலத்தில் இடி விழுந்து கரண்ட் டிரிப் ஆவது இங்கே வாடிக்கை, அதனால் கரண்ட் போனாலும் சற்று நேரம் ஓட்டும் ஒரு சின்ன யுபிஎஸ்ஸும் வாங்கிவிட்டோம். அப்புறம் டிரைவை ஐமேக் காலுக்குப் பின்னால் வெல்க்ரோ வைத்து ஒட்டிவிட்டேன், துடைக்கும்போது கேபிள் இழுபடாது.