பூரிம் பண்டிகையா, நாஜிக் காலத்து வரலாறா?

யூத வெறுப்பைப் பற்றிப் பிள்ளைகளிடம் முதன்முதலாகப் பேச முனையும் யூதச் சமயப் பள்ளிகள், பூரிம் போன்ற பண்டிகையின் வழியே தொடங்கலாம். நாஜிகள் 60 லட்சம் யூதர்களைக் கொன்ற வரலாற்றிலிருந்தும் தொடங்கலாம்.

பூரிம் என்பது பழங்காலப் பாரசீகத்தில் யூதர்கள் அழிவிலிருந்து தப்பியதைக் கொண்டாடும் பண்டிகை. அந்நாளில் ஜெப ஆலயத்தில் அக்கதையைச் சொல்லும் எஸ்தர் சுருள் வாசிக்கப்படும்போது, யூதர்களை அழிக்கத் திட்டமிட்ட ஆமானின் பெயர் வரும் ஒவ்வொரு முறையும் குழந்தைகள் கிலுகிலுப்பையைச் சுழற்றியும் தரையில் காலை உதைத்தும் அந்தப் பெயரே காதில் விழாதபடி செய்கிறார்கள். தம் இனத்தையே அழிக்க நினைத்தவனின் கதையை ஆறு வயதுக் குழந்தை பெற்றோரின் அருகிலிருந்தபடியே அச்சமின்றி அறிந்துகொள்கிறது என்பது இவ்வழியின் பெரும் வலிமை. ஆனால் எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து விடுபட்டதை நினைவுகூரும் பஸ்கா விருந்தில் படிக்கப்படும், ஒவ்வொரு தலைமுறையிலும் நம்மை அழிக்க எழுகிறார்கள் என்ற வரியை மட்டும் கேட்கும் பிள்ளை, வெறுப்பை மாற்ற முடியாத விதியென்றே எண்ணிவிடக்கூடும். கடவுள் அவர்கள் கையிலிருந்து நம்மை மீட்கிறார் என்று அடுத்து வரும் வரியையும் சேர்த்தே விளக்க வேண்டும்.

யூதர்களின் குடியுரிமையைப் பறித்த 1935-ஆம் ஆண்டின் நியூரம்பெர்க் சட்டங்களிலிருந்து வதைமுகாம் வரை நடந்ததை வரலாறு காரணகாரியத்தோடு காட்டுகிறது. 2018-இல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகர ஜெப ஆலயத்தில் 11 பேர் சுட்டுக் கொல்லப்பட்டதைப் புரிந்துகொள்ளவும் அது தேவை. எனினும், சிறு வயதில் பார்த்த பிணக்குவியல் படம் அச்சத்தைத்தான் விட்டுச்செல்லும். பத்து வயது வரை பண்டிகை வழியையே நான் தேர்ந்தெடுப்பேன். ஜெப ஆலய வாசலில் காவலர் ஏன் நிற்கிறார் என்று பிள்ளையே கேட்கும் நாளில் வரலாற்றைத் தொடங்கலாம்.