சோட்டேரோ: நம்ம ஊர் ஆய்வேட்டுக்கு எவ்வளவு தூரம் ஒத்துவருகிறது?

நாகர்கோவில் பக்கம் வரலாறு, நாட்டார் வழக்காறு என்று ப்ராஜெக்ட் எடுக்கும் முதுகலைப் பிள்ளைகளுக்கு மேற்கோள் குறிக்க நான் பல வருடமாகச் சொல்லித் தருவது சோட்டேரோதான். அமெரிக்காவின் ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகத்தில் 2006-ல் தொடங்கிய இலவச மென்பொருள். வேர்டிலும் லிப்ரே ஆபீஸிலும் சேர்ந்து ஓடும். ஆங்கிலக் கட்டுரையென்றால் அதற்கென்று தரப்பட்டிருக்கும் டிஓஐ (DOI) என்ற அடையாள எண்ணைப் போட்டதும் ஆசிரியர், இதழ், ஆண்டு எல்லாம் வந்துவிடும். உள்ளூர் விஷயத்துக்கு வரும்போதுதான் வேலை கொடுக்கும்.

திருவிதாங்கூர் சமஸ்தானத்தைப் பற்றிய விவரத் தொகுப்பான ஸ்டேட் மேனுவலையே எடுத்துக்கொள்ளுங்கள். அதுவரை திருவிதாங்கூர் பக்கம் இருந்த குமரி மாவட்டம் 1956 நவம்பர் 1-ல்தான் தமிழ்நாட்டோடு சேர்ந்தது என்பதால், இங்கே எந்தத் தலைப்பில் கை வைத்தாலும் அந்த நூலைத் தொடாமல் முடியாது. பிள்ளைகள் ‘ஸ்டேட் மேனுவல், ப. 212’ என்று அடிக்குறிப்பு போட்டுக் கொண்டுவருவார்கள். எந்த மேனுவல்? நாகம் அய்யா எழுதியது 1906, மூன்று தொகுதி. வேலுப்பிள்ளை எழுதியது 1940, நான்கு தொகுதி. இரண்டையும் தனித்தனிப் பதிவாகப் போட்டு, தொகுதி எண்ணையும் நிரப்பிவிட்டால் இந்தக் குழப்பம் தீர்ந்தது. பக்க எண்ணை மட்டும் மேற்கோளைச் செருகும்போது நாம்தான் அடிக்க வேண்டும். விட்டுவிட்டால் அது ஒன்றும் கேட்காது.

பெயரிலும் தகராறு உண்டு. முன்பெயர், குடும்பப்பெயர் என்று இரண்டு கட்டம் காட்டும். நமக்குக் குடும்பப்பெயர் ஏது? நூலகப் பட்டியலிலிருந்து இறக்கினால் பல நேரம் ‘அய்யா, வி. நாகம்’ என்று வந்து, பட்டியலில் ‘அ’ எழுத்துக்குப் போய்விடுவார். குடும்பப்பெயர் கட்டத்தில் ‘நாகம் அய்யா’, மற்றதில் ‘வி.’ என்று மாற்றிவிடுங்கள். துறை, நிறுவனம் என்றால் பக்கத்திலுள்ள பொத்தானை அழுத்தி ஒற்றைக் கட்டமாக்கிக்கொள்ளலாம்.

பழைய ஆவணங்களில் இருப்பது திருவிதாங்கூரில் புழங்கிய கொல்லம் ஆண்டு. 1099 என்று அப்படியே போட்டால் சோழர் காலத்து ஆவணம்போல் வரிசையில் முதலில் போய் நிற்கும். ஆங்கில ஆண்டைத் தேதியில் போட்டு, கொல்லம் ஆண்டைக் கூடுதல் குறிப்புக் கட்டத்தில் வைக்கிறேன். ஆங்கில ஆண்டு கிடைக்க 825 கூட்டினால் போதும் என்று எல்லா நேரமும் நம்பக் கூடாது. ஆண்டு ஆவணியில் பிறப்பதால், ஆவணி முதல் டிசம்பர் கடைசி வரை 824தான். கொல்லம் 1099-ல் வந்ததால் ‘99 வெள்ளம்’ என்று சொல்லப்படும் பெருவெள்ளம் 1924 ஜூலையில் வந்தது. அதே 1099-ன் ஆவணி மாதம் 1923-ல் விழும்.

வில்லுப்பாட்டுக் கலைஞரைச் சந்தித்துப் பேசியதைக்கூட நேர்காணல் என்ற வகையில் பதியலாம். தகவலாளர் பெயர், ஊர், நாள் மூன்றையும் அன்று ராத்திரியே ஏற்றிவிடச் சொல்வேன். ஒரு மாதம் கழித்துக் கேட்டால் ‘தோவாளை பக்கம் ஒரு அண்ணாச்சி’ என்றுதான் பதில் வரும்.

அப்புறம், ஆய்வேடு மற்ற எழுத்துகளோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்று சோதித்துவிட்டு, ‘சார், பத்து சதவீதத்துக்குள்ளதான் இருக்கு’ என்று நிம்மதியாக வருகிறவர்கள். பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2018 விதிப்படி அந்த அளவு ஒற்றுமைக்குத் தண்டனை இல்லை, சரி. ஆனால் காட்டிய பக்கத்தில் அந்தச் செய்தி இருக்கிறதா என்பதை அந்தச் சதவீதம் சொல்லாது. வைவா என்ற வாய்மொழித் தேர்வில் கேட்பது அதைத்தான்.

கோப்புகளை இணையத்தில் சேமிக்க சோட்டேரோ தரும் இலவச இடம் 300 எம்பி. ஸ்கேன் செய்த பழைய தொகுதிகள் சிலவற்றிலேயே நிறைந்துவிடும். கோப்பு ஒத்திசைவை நிறுத்திவிட்டு பிடிஎஃப்களைப் பென்டிரைவில் வைத்துக்கொள்ளுங்கள். நூல் விவரங்கள் வழக்கம்போல் ஏறிக்கொண்டிருக்கும், அதற்கு வரம்பு இல்லை.